குன்றேறிக் காணல்: மலாக்காவின் மேடுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

காரியம் ஒன்றுமில்லாமல், நேர்த்திக்கடனும் இல்லாமல், காலைப் பசியாறிய கையோடு ஒருவர் சிறு குன்றொன்றின்மேல் ஏறி, சுற்றிலும் கிடக்கும் காட்டையும் ஊரையும் கால்மணி நேரம் கண்ணாரப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கி வீடு திரும்புவாரானால், நம் பாட்டன்மார் அவருடைய தேக சுகத்தைப் பற்றியோ சித்த சுவாதீனத்தைப் பற்றியோ சற்று விசாரித்திருப்பார்கள். இங்கிலாந்தின் தென்பாகத்து ஜனங்களோ இதையே ஒரு விரதம்போல் பல தலைமுறைகளாக அனுஷ்டித்து வருகிறார்கள். அவர்களுடைய குன்றுகள் உயரத்தால் கீர்த்தி பெற்றவை அல்ல. தென்கிழக்கு இங்கிலாந்தின் உயர்ந்த குன்றுகளில் ஒன்றான லீத் குன்றே 294 மீட்டர்தான். அது ஆயிரம் அடியை எட்டவில்லையே என்ற மனக்குறையைத் தீர்க்க, ரிச்சர்டு ஹல் என்னும் கனவான் 1765இல் அதன் உச்சியில் ஒரு கோபுரத்தையே எழுப்பி, இயற்கை கொடுக்கத் தவறிய சில அடிகளைக் கல்லாலும் சாந்தாலும் ஈடு செய்தார். அதற்கு அண்மையிலுள்ள பாக்ஸ் குன்று 1914இல் தேசிய அறக்காவல் நிறுவனத்தின் கைக்கு வந்து, லண்டன் மாநகரத்துக் குமாஸ்தாக்களும் தையற்காரிகளும் ஞாயிறுதோறும் ஏறி மூச்சு வாங்கும் பொது ஸ்தலமாயிற்று.

எல்லா மேடுகளும் இவ்வாறு நயமாகத் திறந்துவிடப்படவில்லை. வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலத்தை நிலச்சுவான்தார்கள் தங்கள் வேட்டைப் பறவைகளுக்காக அடைத்து வைத்திருக்க, 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கூட்டமாக அதில் நுழைந்து நடந்து, அவர்களில் ஐவர் சிறைக்கும் போய்த் திரும்பிய பின்னர், அந்தக் கிளர்ச்சியின் எதிரொலியும் சேர்ந்து 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. குன்றின்மேல் நின்று பார்ப்பது ஓர் உல்லாசம் மட்டுமன்று, ஒரு பாத்தியதையும்கூட என்பதை இச்சரித்திரம் நமக்குக் கற்பிக்கிறது. அந்தப் பாடத்தோடு நம் மலாக்கா மாநிலத்துக்கு வந்தால், எந்த மேட்டிலிருந்து எது தெரிகிறது என்று வரிசைப்படுத்துவது எளிது. அங்கே முன்னர் நின்றவர் யார், எதைப் பார்ப்பதற்காக நின்றார் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. மேட்டின்மேல் நின்றவர் மாற மாற, அதிலிருந்து தெரிந்த காட்சியும் மாறியிருக்கிறது.

தமிழருக்குக் குன்று புதிதன்று. ஐந்திணையில் முதலாவதாகக் குறிஞ்சியை வைத்த இனம், குன்றுதோறாடும் தெய்வமாக முருகனைக் கொண்டாடிய இனம், மேடு கண்ட இடத்தில் ஒரு வேலை நட்டுவிடும் வழக்கத்தை இன்றும் கைவிடவில்லை. எனினும் நம்மவர் மலை ஏறியது தரிசனத்திற்காக. சுற்றும் முற்றும் பார்ப்பது படியில் இளைப்பாறும் நேரத்தில் நேர்ந்த உபரி லாபம். காட்சிக்கென்றே குன்றேறிய மனிதன் ஒருவனை வள்ளுவர் காட்டுகிறார் என்றால், அவனும் யானைச் சண்டையை ஆபத்தின்றி மேலே நின்று பார்ப்பவன். தன் கையிலுள்ள பொருளைக் கொண்டு ஒரு தொழிலைச் செய்பவனுக்கு அவன் உவமையாகிறான். அந்தக் குறள் இயற்கை வருணனையில் அடங்காமல் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் அடங்கியிருப்பது மிகவும் சிந்திக்கத்தக்கது. கைப்பொருள் உள்ளவன் மேலே நிற்கிறான். மிதிபடுகிற நிலம் கீழே கிடக்கிறது. மலாக்காவின் குன்றுகளுடைய சரித்திரம் ஏறக்குறைய இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரையே ஆகும்.

முதலில் செயின்ட் பால் குன்று. ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடலாம். வயோதிகரும் குழந்தைகளும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதைத் தினந்தோறும் காணலாம். சுல்தான்களின் அரண்மனை நின்ற இக்குன்றை 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் படை கைப்பற்றி அடிவாரத்தில் கோட்டை கட்டியது. உச்சியில் 1521இல் துவார்த்தே கொயெல்யோ என்னும் தளபதி ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார். தூத்துக்குடிக் கரையோரத்துப் பரதவரிடையே தமிழில் ஜெபங்களை மனனம் செய்து ஓதுவித்த சவேரியார், 1545இல் இங்கு வந்து, பின்னர் இக்குன்றையே தம் கிழக்கத்தியப் பிரயாணங்களுக்கு நிலைக்களமாகக் கொண்டார். சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் 1552இல் மரித்த அவருடைய திருமேனி, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் கிடந்தது. 1641இல் வந்த டச்சுக்காரர்கள் ஆலயத்துக்குப் பெயரை மாற்றி, கீழே தங்களுடைய சிவப்புக் கோயில் 1753இல் முடிந்தபின் மேலே உள்ளதை இடுகாடாக்கினர். ஆங்கிலேயர் அதன் முகப்பில் வெள்ளைக் கலங்கரை விளக்கமொன்றைக் கட்டினர். ஆக, தொழுதவர், புதைத்தவர், விளக்கேற்றியவர் ஆகிய எல்லாரும் இங்கே நின்று நோக்கியது ஒரே திசையை, மேற்கே கடலை. வரவேண்டியதும் அஞ்சவேண்டியதும் கப்பலில் வரும் என்ற கணக்கில் அமைந்த மேடு அது.

இன்று அங்கே ஏறுகிறவர் அந்தக் கடலைத் தேடவேண்டியிருக்கிறது. கோட்டையின் காலை நனைத்த நீர், மண் கொட்டித் தூர்த்த நிலத்துக்கு அப்பால் ஒதுங்கிப்போய், கடைத்தொகுதிகளின் கூரைகளுக்கு மேலே ஒரு சாம்பல் நிறக் கோடாகத் தெரிகிறது. ஆயினும் பக்கத்தில் ஆற்றைத் தாண்டிக் கண்ணைச் செலுத்தினால், ஓடு வேய்ந்த பழைய வீட்டுக் கூரைகளுக்கிடையே பொற்கொல்லர் தெரு இருக்கும் திசையைக் கண்டுகொள்ளலாம்; அங்கேதான் மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம், ஒரு மசூதிக்கும் ஒரு சீனக் கோயிலுக்கும் அண்டை வீடாக இருக்கிறது. போர்த்துக்கீசியர் முதன்முதலில் பெண்டகாரா என்னும் தலைமை அதிகாரியாக நியமித்த நைனா சாத்து என்னும் வர்த்தகர் நம்மவரே. பதவியை வேறொருவருக்கு மாற்றிக்கொடுத்த அவமானத்தைப் பொறாமல் 1514இல் சிதை மூட்டித் தீப்புகுந்தார் என்று அக்காலத்துப் போர்த்துக்கீசிய நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. குன்றின்மேல் கொடி ஏற்றியவருக்குக் கீழே கணக்கை நடத்திக் கொடுத்தவர் தமிழர் என்பது பதினாறாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய ஏற்பாடு.

நகருக்குத் தெற்கேயுள்ள செயின்ட் ஜான் குன்றை மலாய்க்காரர் புக்கிட் செஞ்சுவாங் என்பர். சான் ஜுவாவ் என்ற போர்த்துக்கீசியப் பெயரே நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. போர்த்துக்கீசியரின் சிற்றாலயம் இருந்த இவ்விடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் சிறு கோட்டையொன்றைக் கட்டினர். அதன் பீரங்கிகள் கடலுக்கு முதுகைக் காட்டி நிலத்தை நோக்கி நிற்கின்றன என்பதே அதன் விசேஷம். 1629இல் அச்சே நாட்டுப் படை சுற்றியுள்ள மேடுகளைப் பிடித்துக்கொண்டு நகரத்தை நெருக்கியதும், பின்னர் பூகிஸ்காரர்கள் உள்நாட்டு வழியே வந்து மிரட்டியதும், ஆபத்து எப்போதும் கப்பலில்தான் வரவேண்டும் என்பதில்லை என்று ஆண்டவர்களுக்குப் போதித்திருந்தன. மாலை ஐந்து மணிக்கு மேல் இங்கே ஏறினால் கூட்டம் இராது. சூரியன் சமுத்திரத்தில் இறங்குவது இன்னும் தடையின்றித் தெரியும். ஒரே நகரத்தின் இரு மேடுகளில் ஒன்று கடலைப் பார்க்க, மற்றொன்று காட்டைப் பார்க்கிறது. இரண்டையும் ஒரே நாளில் ஏறிப் பார்ப்பவருக்கு, பயத்துக்குத் திசை உண்டென்பது விளங்கும்.

புக்கிட் சீனாவைக் குறித்து வேறுவிதமாகப் பேச வேண்டும். சுல்தான் மன்சூர் ஷா மணந்ததாகச் சொல்லப்படும் சீன இளவரசி ஹாங் லி போவின் பரிவாரத்துக்கு அளிக்கப்பட்ட குன்று என்பது கர்ணபரம்பரை. பதினேழாம் நூற்றாண்டில் லீ வெய் கிங் என்னும் சீனக் கப்பித்தான் இதனை வாங்கித் தம் இனத்தாருக்கு இடுகாடாக விட்டார் என்பது சரித்திரம். பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் பிறைவடிவில் சரிவு முழுவதும் படுத்திருக்க, அவற்றினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் காலையிலும் மாலையிலும் எல்லா இனத்தாரும் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், கைகளை வீசித் தேகாப்பியாசம் செய்கிறார்கள். 1984இல் இக்குன்றை வெட்டிச் சமன்செய்து கட்டடங்கள் எழுப்பலாம் என்ற திட்டம் எழுந்தபோது, நாடெங்கும் கிளம்பிய எதிர்ப்பு அதனைக் கைவிடச் செய்தது. மலாக்கா நகரத்தின் நடுவே கட்டடமில்லாத பசுமை இவ்வளவு பரப்பில் எஞ்சியிருக்கிறதென்றால், அது இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களுக்காகக் காத்துக் கொடுத்த சொத்து. கண்டு ரசிக்கும் நோக்கோடு மட்டும் ஒருவர் ஒரே ஒரு குன்றுக்குத்தான் போக இயலும் என்றால், அவருக்கு நான் சிபாரிசு செய்வது இதனையே. மேலே நின்றால் பழைய நகரமும் புதிய நகரமும் ஒருங்கே தெரியும், காலடியில் புல் இருக்கும், நுழைவுச் சீட்டு இராது.

மலாக்காவுக்குச் சொந்தமாயிருந்தும் மலாக்காவோடு ஒட்டாத மேடு தஞ்சோங் துவான். நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட் டிக்சனுக்கு அருகே கடலுக்குள் நீண்டிருக்கும் இந்த முனை, நாற்புறமும் அயல் மாநிலத்தாலும் நீராலும் சூழப்பட்டும் இன்றுவரை மலாக்காவின் நிலமாகவே எண்ணப்படுகிறது. போர்த்துக்கீசியர் இதனை உடைந்த முனை என்று பொருள்படும் காபோ ரச்சாடோ என்றழைத்துப் பதினாறாம் நூற்றாண்டிலேயே விளக்கேற்றினர். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் 1863இல் கட்டியது. 1606இல் டச்சுக் கப்பற்படையும் போர்த்துக்கீசியக் கப்பற்படையும் இதன் எதிரே மோதிக்கொண்டன. இவற்றையெல்லாம் விட இவ்விடத்துக்கு அழகு சேர்ப்பது பருந்துகளின் பிரயாணம். வடக்கத்திய குளிருக்குத் தப்பிச் சுமத்ரா முதலிய தீவுகளில் தங்கிய தேன்பருந்துகள், மாசி பங்குனியில் தங்கள் தேசத்துக்குத் திரும்புகையில், இந்த முனையை நோக்கியே ஜலசந்தியைத் தாண்டுகின்றன. நிலத்தின்மேல் வெயிலேறியபின் எழும் சூடான காற்றில் சிறகை விரித்து மிதந்தே நெடுந்தூரம் போகப் பழகிய இப்பறவைகளுக்குக் கடலின்மேல் அவ்வித உதவி கிடையாது. ஆகவே சிறகடித்துக் கடக்கவேண்டிய தூரம் குறைவான இடமாகப் பார்த்து, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த இடுக்கைத் தெரிந்தெடுக்கின்றன. களைத்துத் தாழ்ந்து வரும் பறவை, முனையின் காட்டுக்கு மேலே வந்ததும் உஷ்ணக் காற்று கிடைத்து, ஒரு முறைகூடச் சிறகசைக்காமல் வட்டமிட்டு மேலேறுவதைக் கலங்கரை விளக்கத்தடியில் நின்று பகல் பதினொரு மணிவாக்கில் பார்த்தவர்கள், மறுவருஷமும் அங்கே போகாமல் இருப்பதில்லை.

இனி லேடாங் மலை. 1,276 மீட்டர் உயரமுள்ள இது மெல்லிய நடைக்கு உரியதன்று என்பதோடு, சிகரம் ஜொகூர் எல்லைக்குள் அமைந்ததுமாகும். ஆயினும் மலாக்காவின் எந்த மேட்டிலிருந்து கிழக்கே பார்த்தாலும் கண்ணை நிறுத்துவது அதுவே ஆகையால், அதனை விலக்கி எழுதுவது மணமகனை விட்டுவிட்டுக் கல்யாணத்தை வருணிப்பதாகும். தன்னைப் பெண் கேட்ட சுல்தானிடம், மலையிலிருந்து மலாக்கா வரைக்கும் ஒரு பொற்பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும், ஏழு தட்டு கொசு ஈரலும், அவன் மகனின் ரத்தமும் சீராகக் கேட்ட இளவரசியின் வாசஸ்தலம் இது என்பது மலாய்க் கதை. 1854இல் இதன்மேல் ஏறிய ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ், பாடாங் பாத்து என்னும் பாறைச் சரிவில் தாகமெடுத்து, குடுவைச் செடிகளில் தேங்கிய, பூச்சிகள் விழுந்து கிடந்த நீரையே தம் கூட்டத்தாருடன் பருகியதை எழுதியிருக்கிறார். உச்சியில் நின்று அவர் கண்டது, மேடும் பள்ளமும் எங்கும் முடிவில்லாத வனம். அதனிடையே மினுங்கும் ஆறுகள். இன்று அதே பாறையில் நிற்கிறவர் மேற்கே காண்பது நேர்நேராகக் கோடிழுத்த செம்பனையும் ரப்பரும். வாலஸின் காட்சிக்கும் நம்முடைய காட்சிக்கும் நடுவே, அந்தக் காட்டை நிரையாக்கிய கைகள் வந்து போயிருக்கின்றன. அவற்றுள் மிகப் பல தமிழ்க் கைகள்.

மலேயாவில் ரப்பர் வியாபாரப் பயிராகத் தலையெடுத்த முதல் இடங்களுள் மலாக்காவும் ஒன்று என்பதை நம் பிள்ளைகள் அறிவது நலம். சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் ரிட்லி விடாமல் வற்புறுத்தியதன் பேரில், மலாக்காவில் பிறந்த சீனரான டான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் கன்று நட்டார். அது பலிக்கவே, லேடாங்கின் அடிவாரமாகிய புக்கிட் அசாகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கருக்கு விஸ்தரித்தார். இரண்டு பெயர்களும் புக்கிட், அதாவது குன்று, என்று தொடங்குவதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் பெயர் குன்று; தோட்டத்தில் குன்றின் உச்சி துரையின் பங்களா; அதற்குச் சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள்; எல்லாவற்றுக்கும் கீழே, ஆற்றோரத்துப் பள்ளத்தில், மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் நிற்கும் தொழிலாளர் லயங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தீம்பாருக்குப் போய், மேடேறி மேடிறங்கி முந்நூறு நானூறு மரம் வெட்டிய பெண்ணுக்கு, ஏறிய மேடு கெண்டைக்கால் வலியாகத் தெரிந்ததேயன்றிக் காட்சியாகத் தெரிந்ததில்லை. நிரையை விட்டுக் கண்ணை எடுத்தால் மரத்தில் காயம் விழும். மரத்தில் காயம் விழுந்தால் கங்காணியின் வாய் திறக்கும்.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு, பங்களா மேட்டின்மேல் ஏறும் பாக்கியம் ஆண்டுக்கு ஒரு தடவை கிடைத்தது. தீபாவளியன்று காலையில் தப்பு முன்னே முழங்க, மாலையும் பழத்தட்டும் ஏந்திய பெரியவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் நாங்கள் செம்மண் சடக்கில் ஏறிச் சென்று, கத்தரித்த புல்தரையில் வரிசையாக நிற்போம். துரைக்கு மாலை விழும். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு குவளை கலர்த் தண்ணீரும் வரும். பிறகு, வந்தபடியே இறங்கிவிடுவோம். அத்தனை வருஷங்களில் அந்த மேட்டிலிருந்து என்ன தெரியும் என்பதை நாங்கள் யாரும் அறிந்திலோம். ஏனெனில் அங்கே நின்ற நேரமெல்லாம் எங்கள் முகம் பங்களாவை நோக்கியிருந்தது, காட்சி முழுவதும் எங்கள் முதுகுப் பக்கம் கிடந்தது.

கைப்பொருள் இல்லாதவனுக்கு மேடு கிடையாது என்னும் நியதியை மாற்ற நம்மவர் முயலாமலும் இல்லை. சுதந்திரத்தையொட்டி வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளிகள் தெருவுக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தனார் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்க்கச் சொல்லி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார்; அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். அதுவும் ஒரு குன்றே. பால்மரம் வெட்டிய கையின் காசு ஒரு மேட்டை விலைக்கு வாங்கியது என்ற அளவில், அது குறளுக்கு நம்மவர் எழுதிய உரை.

மலாக்காவில் நம்மவர் தம்முடையது என்று உரிமையோடு ஏறும் மேடு ஒன்றும் உண்டு. நகருக்கு வடக்கே செங் என்னும் ஊரில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் இருக்கிறது. உயரத்தைப் பார்த்தால் மலையென்னும் பெயர் பக்தியால் வந்தது என்று தோன்றும். மாசி மகத்தின்போது முருகப் பெருமான் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதத்தில் புறப்பட்டு இங்கே எழுந்தருளுகையில், காவடிகளும் பால்குடங்களுமாக மாநிலத்துத் தமிழரெல்லாம் திரண்டுவிடுகின்றனர். இங்கே ஏறுகிறவர் எதையும் பார்க்க ஏறுவதில்லை. தாம் பார்க்கப்பட வேண்டும், ஒரு கண்ணின் அருள் தம்மேல் விழவேண்டும் என்றே ஏறுகின்றனர். ஆங்கிலேயனின் குன்றேற்றத்துக்கும் தமிழனின் குன்றேற்றத்துக்கும் உள்ள பேதம் இதுவென்று எனக்குப் படுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ளவேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. தரிசனம் முடிந்தபின் வெளியே வந்து, கால்மணி நேரம் நான்கு திசையையும் பார்த்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நடைக்குப் புறப்படுவோருக்குச் சில வார்த்தைகள். நம் நாட்டில் சூரியன் காலை ஏழு மணியளவில்தான் தலைகாட்டுகிறது. ஆகவே ஏழுக்கு முன்னரே அடிவாரத்தில் இருப்பவர் ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். பிற்பகல் இடிமழைக்கு மேடுதான் முதல் இலக்கு. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் லேடாங்கையே விழுங்கிவிடும். முதல்நாள் இரவு நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையே காட்சிக்கு உத்தமமான வேளை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அண்டையிலுள்ள புக்கிட் பெருவாங், தகவல் தொடர்புக் கோபுரங்களைத் தலையில் சுமந்திருப்பினும், நடைப் பயிற்சிக்குச் சிலாக்கியமானது. ஏற இயலாத முதியோருக்கு 2008இல் திறந்த தமிங் சாரி கோபுரம், நாற்காலியில் உட்காரவைத்துச் சுழற்றிக்கொண்டே மேலே தூக்கிச் சென்று நகரம் முழுவதையும் சில நிமிஷத்தில் காட்டிவிடும்; ஆனால் மூச்சு வாங்காமல் பெற்ற காட்சி, பசிக்காமல் உண்ட விருந்தைப்போல், நினைவில் நெடுநாள் தங்குவதில்லை.

இக்கட்டுரைக்காக நான் கடைசியாக ஏறியது, மேலே சொன்ன எங்கள் பழைய பங்களா மேடு. தோட்டம் கைமாறிப் பல ஆண்டுகளாகின்றன. பங்களாவின் கூரை விழுந்து, சமையற்கட்டுச் சுவரில் ஓர் ஆலங்கன்று வேர்விட்டிருக்கிறது. தடுப்பார் ஒருவருமில்லாத அந்தத் தரையில், சிறு வயதில் வரிசையாக நின்ற அதே இடமென்று உத்தேசித்து நின்று, முதன்முறையாக மறுபக்கம் திரும்பினேன். லயங்கள் இல்லை, பெரட்டுக் களம் எதுவென்று தெரியவில்லை, கண்ணுக்கெட்டியவரை செம்பனை. ஆயினும் பள்ளத்தில் ஓரிடத்தில் மட்டும் அந்தப் பனை வரிசை குலைந்து, மாரியம்மன் கோயில் அரசமரம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே தலை நீட்டி நின்றது. அதை வைத்து இடப்பக்கம் எண்ணினேன்: முதல் லயம், இரண்டாம் லயம், ஆயக்கொட்டகை, தண்ணீர்க் குழாய், அப்புறம் எங்கள் வீடு. துரை காலைதோறும் காப்பி குடித்துக்கொண்டு பார்த்திருக்கக்கூடிய காட்சி இதுதான் என்று அறிந்தேன். நல்ல காட்சிதான். கிழக்கே லேடாங் தெளிவாகத் தெரிந்தது.